நாந்த் நகரின் நடக்கும் யானை

நான்கு மாடிக் கட்டடத்தின் உயரமுள்ள ஒரு யானை உங்கள் எதிரே அசைந்து அசைந்து வந்தால் எப்படி இருக்கும்? இது கதையன்று. பிரான்ஸ் நாட்டின் மேற்கே, லுவார் ஆற்றங்கரையில் உள்ள நாந்த் நகரில் அப்படி ஓர் இயந்திர யானை உலவுகிறது. அதன் உயரம் 12 மீட்டர். நீளம் 21 மீட்டர். எடை ஏறத்தாழ 48 டன். எலும்புக்கூடு எஃகு, உடல் மரம், காதுகள் தோல். சுமார் 50 பேரைச் சுமந்துகொண்டு, நாம் நடப்பதைவிட மெதுவாகச் செல்கிறது. போகும் வழியில் துதிக்கையைத் தூக்கி, வேடிக்கை பார்ப்பவர்கள்மேல் தண்ணீரையும் பீய்ச்சுகிறது!

உயிருள்ள யானை இவ்வளவு பெரிதாக வளர்ந்தால் நடக்க முடியுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 மீட்டர் உயரமும் 4 டன் எடையும் உள்ள ஒரு யானையை எல்லாப் பக்கமும் 4 மடங்கு பெரிதாக்குங்கள். அதன் கன அளவு 4×4×4, அதாவது 64 மடங்காகும். எடையும் அப்படியே உயர்ந்து 256 டன்னாகும். ஆனால் கால்களின் குறுக்குவெட்டுப் பரப்போ 4×4, அதாவது 16 மடங்குதான் கூடும். எனவே கால் எலும்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்னைவிட 4 மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டும். உருவம் பெருக்கப் பெருக்க எலும்புகள் இன்னும் அதிகமாகப் பருக்க வேண்டும் என்பதைக் கலீலியோ 1638இல் வெளிவந்த தம் நூலில் விளக்கியிருக்கிறார்.

நாந்த் பொறியாளர்கள் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தார்கள்? முதலாவதாக, யானையின் வயிற்றைக் கூடமாக்கிவிட்டார்கள். பயணிகள் அங்கேயும் இருக்கலாம். உள்ளே வெற்றிடமாக இருப்பதால் எடை 48 டன்னோடு நின்றது. இரண்டாவதாக, கால்களுக்கு நடுவே உற்றுப் பாருங்கள். அங்கே சக்கரங்கள் இருக்கின்றன! பாரத்தைச் சுமந்து உருள்பவை அவைதாம். கால்கள் ஒவ்வொன்றாக எழுந்து, மடங்கி, மண்ணில் பதியும் அழகில் நம் கண் சக்கரத்தை மறந்துவிடுகிறது.

அந்தக் கால்களுக்குத் தசை எது? எண்ணெய் நிரம்பிய உருளைகளே. நீங்கள் படித்த பாஸ்கல் விதிதான் இங்கே வேலை செய்கிறது. மூடிய கலத்திலுள்ள திரவத்தின்மேல் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும். 1 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பிஸ்டனை அழுத்தினால், 50 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பிஸ்டன் 50 மடங்கு விசையோடு எழும். பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது, வால்வுகள் அதைத் தேவையான உருளைக்குத் திருப்பிவிடுகின்றன, மூட்டு மடங்குகிறது.

இப்படி ஒரு யானை நாந்த் நகருக்கு ஏன் தேவைப்பட்டது? அந்த ஊர் கப்பல் கட்டுவதில் பேர்பெற்றது. ஆற்றின் நடுவேயுள்ள தீவில் இருந்த கப்பல் கட்டும் தளம் 1987இல் மூடப்பட்டது. தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். பெரிய கொட்டகைகள் வெறிச்சோடின. அவற்றை இடித்துத் தள்ளாமல், எஃகை வளைக்கும் கலைக்கே மீண்டும் ஓர் இடம் தந்தார்கள் பிரான்சுவா டெலரோசியேர், பியேர் ஒரேபிஸ் என்ற இருவர். விஞ்ஞானக் கதைகளின் முன்னோடியான ஜூல்ஸ் வெர்ன் 1828இல் பிறந்தது இந்நகரில்தான். அவருடைய கற்பனை உலகிலிருந்து இறங்கி வந்ததுபோல, 2007இல் யானை முதல் அடி எடுத்து வைத்தது. 2012இல் கடல் உயிரினங்கள் சுழலும் மூன்றடுக்கு ராட்டினமும் சேர்ந்தது.

எல்லாக் கனவும் பலித்துவிடவில்லை. இயந்திர நாரைகள் தங்கும் மாபெரும் எஃகு மரம் ஒன்றையும் திட்டமிட்டார்கள். செலவு ஏறிக்கொண்டே போனதால் 2022இல் நகராட்சி அதைக் கைவிட்டது. பொதுமக்களுக்கான கலையென்றால் பொதுப் பணத்திற்கும் கணக்குக் காட்டத்தானே வேண்டும்!

இந்த யானையின் பெரிய சிறப்பு, அதன் உள்ளுறுப்புகள் ஒளிக்கப்படவில்லை என்பதே. குழாய், மூட்டு, உருளை எல்லாம் கண்முன்னே தெரிகின்றன. பார்ப்பவர் வியப்பதோடு நிற்காமல், 'இது எப்படி இயங்குகிறது?' என்று கேட்கவும் தொடங்குகிறார்.

நீங்களும் கேளுங்கள். ஊசி நீக்கிய, பயன்படுத்தாத இரண்டு சிரிஞ்சுகளை, ஒன்று சிறியதாகவும் மற்றது பெரியதாகவும், எடுத்துக்கொள்ளுங்கள். காற்று புகாமல் நீர் நிரப்பி, மெல்லிய குழாயால் இணையுங்கள். சிறியதை அழுத்துங்கள். பெரியது குறைந்த தூரமே நகரும். ஆனால் அதைக் கையால் தடுத்துப் பாருங்கள். யானையின் பலம் புரியும்!