நூறு வாட்டில் ஒரு படகு ஊர்வலம்

டிசம்பர் மாதத்தில் ஐந்து இரவுகள், கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச் துறைமுகத்தில் படகுகள் விளக்கு அணிந்துகொண்டு ஊர்வலம் போகும். நான்கு பேர் உட்காரும் சிறு படகும் வரும், கோடீஸ்வரர்களின் சொகுசுக் கப்பலும் வரும். பாய்மர உச்சியிலிருந்து நீர்மட்டம் வரை சீரியல் பல்புகள் மின்ன, சுமார் இரண்டரை மணி நேரம் துறைமுகத்தைச் சுற்றிவரும் இந்தக் காட்சிக்குக் கரையெங்கும் கூட்டம் நிற்கிறது.

இதன் தொடக்கம் மிக எளிமையானது. ஜான் ஸ்கார்ப்பா என்ற இத்தாலியப் படகோட்டி 1907இல் தன் கொண்டோலா படகில் ஜப்பானியக் காகித விளக்குகளைத் தொங்கவிட்டு, வெளியூர் விருந்தாளிகளை ஏற்றிச் சென்றார். மறு ஆண்டு ஜூலை 4 அன்று அவருடைய படகின் பின்னால் எட்டுச் சிறு படகுகள் அதேபோல விளக்கேந்தி வந்தன. கிறிஸ்துமஸோடு இது சேர்ந்தது பிற்பாடுதான். 1946இல் நகராட்சி ஒரு கிறிஸ்துமஸ் மரத்தைத் தட்டைப் படகில் ஏற்றி, துறைமுகம் முழுக்க இழுத்துச் சென்றது.

ஸ்கார்ப்பாவுக்குத் தீக்குச்சி போதுமாக இருந்தது. அவருக்குப் பின் வந்தவர்களுக்கு மின்சாரம் வேண்டும். வீட்டு வாசலில் விளக்குச் சரம் கட்டுகிறவர் பிளக்கைச் சொருகிவிட்டு உள்ளே போய்விடலாம். தண்ணீர் நடுவே பிளக் ஏது?

பலருக்கும் முதலில் தோன்றுவது பெட்ரோல் ஜெனரேட்டர். இரண்டு கிலோவாட் தரும் நவீன வகைகளின் விளம்பரத்தில் 48 முதல் 57 டெசிபல் என்று அச்சிட்டிருக்கும். அது ஏழு மீட்டர் தள்ளி நின்று அளந்தது. பத்து மீட்டர் படகில் ஏழு மீட்டருக்கு எங்கே போவது? இரண்டு மீட்டரில் உட்கார்ந்திருப்பவர் காதில் அது 11 டெசிபல் கூடிவிடும். போதாக்குறைக்குக் கண்ணாடியிழை மேல்தளமும் சேர்ந்து அதிரும். நீர்ப்பரப்போ ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்பும் ரகம். கரையில் நிற்பவர் விளக்கை ரசிக்கும் முன்பே இரைச்சலைக் கேட்டுவிடுவார்.

இரைச்சலாவது எரிச்சலோடு போகும். ஜெனரேட்டர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். படகு மெதுவாக நகரும்போது அதன் பின்புறம் காற்றழுத்தம் சற்றுக் குறைந்து, வெளியேறிய புகை திரும்பவும் ஆட்கள் உட்காரும் இடத்துக்கே இழுபடும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் படகின் அடிப்பகுதியில் போய்த் தங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். தரையில் பயன்படுத்தச் செய்த ஜெனரேட்டரைப் படகில் ஏற்றுவது என்னைக் கேட்டால் முட்டாள்தனம்.

சரி, பேட்டரி? அதற்கு முன்னால் விளக்கு எவ்வளவு தின்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லாச் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது, தீர்வும் அங்கேதான்.

பத்து மீட்டர் பாய்மரப் படகு ஒன்றுக்கு, நூறு பல்பு கொண்ட சரங்கள் பதினைந்து என்று வைத்துக்கொள்வோம். பழைய குட்டிப் பல்புச் சரம் ஒன்று சுமார் 40 வாட் எடுக்கும். மொத்தம் 600 வாட். எல்இடி சரம் ஒன்றுக்கு ஆறேழு வாட் போதும், மொத்தமே 100 வாட்தான். காரணம் எளிது. இழை பல்பு மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாக்கி, இருபதில் ஒரு பங்கைத்தான் ஒளியாகத் தருகிறது. அந்தக் கொஞ்சத்தையும் வண்ணப் பூச்சு வடிகட்டிவிடும். நீலப் பல்பு என்றால் நீலம் தவிர மற்ற நிறங்களை எல்லாம் தயாரித்துவிட்டு அப்படியே வீணாக்குவது. எல்இடி தனக்கு வேண்டிய நிறத்தை மட்டும் நேரடியாக உண்டாக்குகிறது. அதிலும் நீல எல்இடி வெகுகாலம் வசப்படவே இல்லை. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

இனிக் கணக்குப் போடுவோம். படகில் வழக்கமாக இருக்கும் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் 1,200 வாட்-மணி இருக்கிறது. பாதிக்கு மேல் வடித்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே கையில் இருப்பது 600. எல்இடி விளக்குகள் மூன்று மணி நேரத்துக்குக் கேட்பது 300, நம் மின்வாரியக் கணக்கில் மூன்றில் ஒரு யூனிட்கூட இல்லை. பழைய பல்புகள் கேட்பது 1,800. மூன்று பேட்டரி வைத்தால் சமாளிக்கலாமே என்று தோன்றும். ஆனால் 50 ஆம்பியர் சுமையை மூன்றும் பகிர்ந்துகொண்டாலும், அந்த வேகத்தில் எதிலும் 100 ஆம்பியர்-மணி முழுதாகக் கிடைக்காது. அந்த எண், 20 மணி நேரம் நிதானமாக 5 ஆம்பியர் எடுத்தால் கிடைப்பது. வேகம் கூடக் கூடக் கொள்ளளவு சுருங்கும் இந்தக் குணத்தை ஜெர்மானியரான பாய்கெர்ட் 1897இலேயே சூத்திரமாக எழுதிவிட்டார். கடனில் வாங்கிய பணம்போல, அவசரமாக எடுத்தால் கைக்கு வருவது குறைவு.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஊர்வலத்தில் போகும் படகின் இன்ஜின் எப்படியும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மெதுவான ஓட்டத்திலும் அதன் ஆல்டர்னேட்டர் பத்துப் பதினைந்து ஆம்பியர் தரக்கூடும். நூறு வாட் விளக்குக்கு அதுவே போதும். பேட்டரி சும்மா துணைக்கு இருக்கும். நங்கூரமிட்டு நிற்கும் படகுக்குத்தான் பேட்டரி முழுச் சுமை தாங்க வேண்டும். இரைச்சலே வேண்டாம் என்பவர்களுக்கு நியூபோர்ட் பீச்சிலேயே வேறு வழி உண்டு. மார்ஷல் டஃபீல்ட் என்பவர் 1970இல் அங்கே கோல்ஃப் வண்டியின் மோட்டாரைப் படகில் பொருத்தி, மின்படகுத் தொழிலையே தொடங்கிவிட்டார். அந்த ‘டஃபி’ படகுகள் இன்று அத்துறைமுகத்தின் அடையாளம். மோட்டாருக்குக் கிலோவாட் கணக்கில் மின்சாரம் வைத்திருக்கும் படகுக்கு நூறு வாட் ஒரு பொருட்டே அல்ல.

அடுத்து, 12 வோல்ட்டை அப்படியே விளக்குக்குக் கொடுப்பதா, இன்வெர்ட்டர் வைத்து 120 வோல்ட்டாக மாற்றுவதா? அங்கே கடையில் கிடைக்கும் சரங்கள் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கானவை, விலையும் குறைவு. மாற்றும்போது பத்துப் பதினைந்து சதவீதம் இழப்பு உண்டு. பெரிய இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே பத்து வாட் குடிக்கும். ஆகையால் 300 வாட் அளவில் சிறியதாக, சைன் வேவ் தரும் ஒன்று நல்லது. மலிவான ஸ்கொயர் வேவ் வகையில் சில எல்இடி சரங்கள் படபடக்கும், சூடாகும்.

நேரடி 12 வோல்ட்டில் அந்த இழப்பு இல்லை. ஆனால் கம்பி தின்றுவிடும். பாய்மர உச்சிக்குப் பதினைந்து மீட்டர், திரும்பிவரப் பதினைந்து மீட்டர், ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. அதில் 60 வாட்டுக்காக 5 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.7 வோல்ட் போய்விடும். உச்சி விளக்கு மங்கும். அதே 60 வாட் 120 வோல்ட்டில் போனால் இழப்பு 0.2 வோல்ட்கூட இல்லை. இன்னொரு தொல்லையும் உண்டு. இன்ஜின் ஓடும்போது ‘12 வோல்ட்’ என்பது 14.4 வரை ஏறும். 12 வோல்ட்டுக்கென விற்கும் எல்இடி பட்டையில் மும்மூன்று எல்இடிகளும் ஒரு மின்தடையும் வரிசையாக இருக்கும். எல்இடிகள் தங்களுக்கு வேண்டிய ஒன்பது வோல்ட் சொச்சத்தோடு நின்றுவிடுவதால், கூடுதல் வோல்ட் ஏறக்குறைய முழுதும் மின்தடையின் தலையில் விழும். மின்னோட்டம் ஒன்றரை மடங்குக்கு மேல் போய்ப் பட்டை சூடாகும். மேல்தளக் கைப்பிடிகளுக்கு 12 வோல்ட் பட்டை, பாய்மரத்துக்கு இன்வெர்ட்டர் என்று பிரித்துக்கொள்வதே என் தேர்வு. எதுவானாலும் பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் இருந்தாக வேண்டும். ஒரு ஷார்ட் சர்க்யூட்டில் பேட்டரி ஆயிரம் ஆம்பியருக்கு மேல் தள்ளி, கம்பியையே நெருப்பாக்கிவிடும்.

மின்சாரத்துக்கு அடுத்தது நிறம். கிறிஸ்துமஸ் நிறங்கள் சிவப்பும் பச்சையும். ஆனால் இரவில் படகின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை விளக்கு எரிய வேண்டும் என்பது கடல் விதி. எதிரே வருபவர் அதைப் பார்த்துத்தான் படகு எந்தத் திசையில் போகிறது என்று அறிவார். அந்த வழிகாட்டி விளக்குகளோடு குழப்பும்படியோ, அவற்றை மறைக்கும்படியோ வேறு விளக்கு கூடாது என்று 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகள் சொல்கின்றன. இடப்பக்கம் முழுக்கப் பச்சைச் சரம் கட்டுபவர் அழகாக ஒரு பொய் சொல்கிறார்.

எல்இடியிலும் ஒரு குறை இருக்கிறது. சிலவற்றின் மின்சுற்றுகள் வானொலி அலைவரிசையில் இரைச்சலைக் கக்கும். எல்இடி விளக்குகள் படகின் விஎச்எஃப் ரேடியோவைக் கெடுக்கக்கூடும் என்று 2018இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை எச்சரிக்கையே வெளியிட்டது. சோதிக்கும் வழி சுலபம். ரேடியோவை அமைதியான சேனலில் வைத்து, இரைச்சல் சரியாக அடங்கும் இடத்தில் ஸ்குவெல்ச் குமிழை நிறுத்துங்கள். பிறகு விளக்குச் சரங்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எந்தச் சரம் எரியும்போது ரேடியோ இரைகிறதோ, அதைக் கழற்றிக் கரையிலேயே விட்டுவிடுங்கள்.