முகம் கோட்டில் இல்லை

பென்சிலில் முகம் வரையப் பழகுபவர்கள் முதலில் கண், மூக்கு, வாய் என்று கோடு போட்டுவிட்டு, ஷேடிங்கைக் கடைசி அலங்காரமாக வைத்துக்கொள்கிறார்கள். கண் அப்படிப் பார்ப்பதில்லை. மூக்கின் பக்கவாட்டில் கோடு எங்கே இருக்கிறது? கன்னம் மெல்ல மேடேறி மூக்காகிறது. அந்த ஏற்றத்தைச் சொல்வது நிழல் மட்டுமே. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1988-இல் இதை வெறும் வட்டங்களை வைத்தே காட்டினார். மேலே வெளுத்துக் கீழே கறுக்கும் வட்டம் முட்டைபோலப் புடைத்துத் தெரிகிறது. அதையே தலைகீழாக வைத்தால் குழியாகிவிடுகிறது. விளிம்பு அதேதான். வெளிச்சம் மேலிருந்துதான் விழும் என்று மூளை முன்கூட்டியே முடிவுகட்டி வைத்திருக்கிறது.

நாலே கோட்டில் தலைவர்களைப் பிடித்துவிடும் கார்ட்டூன்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அவை இன்னார் என்று சொல்லும். தலையின் கனத்தைச் சொல்லாது. காந்தி நூற்றாண்டான 1969-இல் ஓவியர் கே.எம். ஆதிமூலம் வரைந்த காந்திச் சித்திரங்களும் கோடுகள்தாம், ஆனால் அங்கே கோடுகள் நெருங்கி நெருங்கியே இருளாகின்றன. நிழலின் பங்கை அறிய, பழைய ஃபிலிம் நெகட்டிவை எடுத்துப் பாருங்கள்: விளிம்புகள் இருந்த இடத்திலேயே இருக்க, வெளுப்பும் கறுப்பும் மட்டும் இடம் மாறியிருக்கும். பழகிய முகமே சட்டென்று பிடிபடாது.

பழவேற்காடு ஏரிப் பக்கம் வெயிலில் நிற்கும் மீனவர் முகத்தை வரைவதாக வைத்துக்கொள்வோம். உச்சி வெயில் புருவத்தின் கீழ் கண்குழியை இருட்டாக்கும். ஆனால் தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளி தாடைக்கு அடியில் ஏறுவதால் அங்கே நிழல் முழுக் கறுப்பாக இராது. அதைக் கவனிக்காமல் தேய்த்தால் தாடை கழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். தோல் கறுப்பென்று முகம் முழுவதையும் அடர்த்தியாகத் தேய்ப்பது இன்னொரு பிழை. வேர்வை படிந்த கரிய கன்னத்தில்தான் மினுக்கம் கூர்மையாக விழும். பென்சிலுக்கும் எல்லை உண்டு. அதன் கிராஃபைட் தானே பளபளப்பதால் 6பி போன்ற கறுத்த பென்சிலில் எவ்வளவு அழுத்தினாலும் ஈயச் சாம்பலுக்கு மேல் போகாது, வெயிலுக்கோ வெறும் தாளின் வெண்மைதான் உண்டு. ஆகவே ஓவியர் வெளிச்சத்தை நகலெடுப்பதில்லை, அதன் விகிதத்தைக் காப்பாற்றுகிறார். ஒரு பென்சில் முகத்தை எடைபோட வேண்டுமானால் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்: கோடுகள் மங்கிய பிறகும் ஆள் தெரிந்தால், வரைந்தவருக்குக் கை வந்துவிட்டது.