கடலிலும் பிள்ளை வளர்ப்பு!

பறவை பார்ப்பதற்கென்றே படகு ஏறிக் கடலுக்குள் போகிறார்கள் என்றால், "வேறு வேலையே இல்லையா இவர்களுக்கு?" என்றுதான் கேட்கத் தோன்றும். ஆனால் சகோதரிகளே, அங்கே பார்க்கக் கிடைப்பது நம்மைப் போலவே பிள்ளைகளுக்காகப் பாடுபடும் தாய்மார்களை!

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவிலுள்ள மான்டெரே வளைகுடா இந்தப் பயணத்துக்குப் பேர்போன இடம். கரைக்கு மிக அருகிலேயே கடலுக்கடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. வசந்தத்திலும் கோடையிலும் காற்று மேல்நீரை ஒதுக்க, ஆழத்திலிருந்து சத்துள்ள குளிர்ந்த நீர் மேலே வரும். நெத்தலி மீனும், கூனி இறால் போன்ற கிரிலும் மண்டிக் கிடக்கும். அப்புறம் விருந்தாளிகளுக்குக் கேட்பானேன்!

படகு துறையை விட்டுக் கிளம்பியதுமே கடல் நீர்நாயைப் பார்க்கலாம். மல்லாந்து மிதந்தபடி குட்டியை வயிற்றின் மேல் போட்டுக்கொண்டு தடவிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இரை தேட முங்கும்போது, குட்டியை அலை இழுத்துப் போகாமலிருக்க நீண்ட கடற்பாசியில் சுற்றிவிட்டுப் போகும். நம் தூளி மாதிரிதான்!

ஏப்ரல், மே மாதங்களில் சாம்பல் திமிங்கிலங்கள் கன்றோடு வரும். மெக்சிகோவின் கடற்கழிகளில் ஈன்று, அலாஸ்கா பக்கம் போகிற வழி இது. தாய்ப்பாலில் பாதிக்குப் பாதி கொழுப்பு. ஆனால் பால் கொடுக்கும் தாய்க்கோ பல மாதம் ஏறக்குறையப் பட்டினி! போதாததற்கு, பள்ளத்தாக்கைக் கடக்கும் இடத்தில் ஓர்கா கூட்டம் கன்றைப் பிடிக்கக் காத்திருக்கும்.

இன்னும் உள்ளே போனால் கருங்கால் ஆல்பட்ராஸ். விரித்த சிறகின் அகலம் சுமார் 2 மீட்டர். இதன் கூடு எங்கே தெரியுமா? 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால், ஹவாயின் வடமேற்குத் தீவுகளில்! அங்கே இருக்கிற ஒற்றைக் குஞ்சுக்காக இவ்வளவு தூரம் வந்து இரை தேடித் திரும்புகிற பறவைகள் உண்டு என்பதைச் செயற்கைக்கோள் மூலம் கண்டுபிடித்திருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் முறைபோட்டு ஊட்டுகிறார்கள். இதன் உறவுக்காரியான லேசன் ஆல்பட்ராஸ் ஒன்றுக்கு, 1956-ல் மிட்வே தீவில் காலில் வளையம் மாட்டினார்கள். பெயர் விஸ்டம். 2024-ல், குறைந்தது 74 வயதில், முட்டையிட்டாள்; பிறகு குஞ்சும் பொரித்துவிட்டாள். அம்மாடி!

வயிற்றைப் பிசைகிற சேதியும் ஒன்று உண்டு. பறக்கும் மீனின் முட்டைகள் மிதக்கும் பொருள்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். முன்பு கட்டையும் பாசியும் மிதந்தன. இப்போது பிளாஸ்டிக் மூடியும், லைட்டரும், பிரஷ்ஷும். தாய்ப்பறவை முட்டையோடு அதையும் விழுங்கி வந்து, ஆசையாகக் குஞ்சின் வாயில் கக்குகிறது. குஞ்சின் வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. செத்த குஞ்சுகளின் வயிற்றைக் கீறினால் இந்தச் சாமான்கள்தான் கிடைக்கின்றன.

எந்தக் கரையில் போட்டாலும் கடல் ஒன்றுதானே? தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு 2019 ஜனவரி முதல் தடை உண்டு. சட்டம் கிடக்கட்டும், கடைக்குக் கிளம்பும்போது மஞ்சள் பையை மறக்காதீர்கள். கடற்கரைக்குக் குழந்தைகளோடு போனால், தின்ற பொட்டலத்தையும் பாட்டில் மூடியையும் எண்ணி வீட்டுக்கு எடுத்து வாருங்கள். கூடவே அந்த ஒற்றைக் குஞ்சின் கதையையும் சொல்லுங்கள். அடுத்த தடவை குழந்தைகளே பொறுக்கிப் பையில் போடும்!