உடுப்புத் தோய்க்க எவ்வளவு சூடு வேண்டும்?

வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பிய சட்டையையோ, கடையில் வாங்கிய புதிய களிசானையோ உட்புறமாகத் திருப்பிப் பார்த்தால் தையலோரத்தில் ஒரு சிறு துண்டு தைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அதிலே நீர்த்தொட்டி போன்ற ஒரு படமும் அதனுள்ளே 30, 40, 60 போன்ற ஓர் எண்ணும் இருக்கும். சிலவற்றில் எண்ணுக்குப் பதிலாகப் புள்ளிகள் இருக்கும். ஒரு புள்ளி 30 பாகை செல்சியஸ், இரண்டு புள்ளி 40, மூன்று புள்ளி 50, நான்கு புள்ளி 60 என்று பொருள். தொட்டிக்குள் ஒரு கை வரையப்பட்டிருந்தால் 40 பாகைக்கு மேற்படாத நீரிலே கையால் மட்டும் தோய்க்க வேண்டும். தொட்டியின் மேல் குறுக்குக் கோடுகள் இருந்தால் அந்த உடுப்பை நீரிலே போடக் கூடாது.

இந்த எண் ஒரு கட்டளையன்று. அது ஓர் எல்லை. இதற்கு மேல் சூடாக்கினால் துணி கெடும் என்பதே அதன் கருத்து. இவ்வளவு சூடாக்கத்தான் வேண்டும் என்று அது சொல்லவில்லை.

மாதர் சங்கக் கூட்டங்களில் இது பற்றிக் கேட்டால் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கின்றன. "கிணற்றுத் தண்ணீர் போதும், எங்கள் அம்மாமார் அப்படித்தானே தோய்த்தார்கள்" என்பது ஒன்று. "அவித்துத் தோய்த்தால்தான் சுத்தம்" என்பது மற்றது. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தத் துணிக்கு எது பொருந்தும் என்று பிரித்தறிவதே நாம் கற்க வேண்டியது.

எமது கிணற்று நீரும் அவர்களது குளிர்நீரும்

பனிக்காலத்தில் ஐரோப்பிய நாடுகளிலே குழாயில் வரும் நீர் 10 பாகைக்கும் குறைவாக இருக்கக் கூடும். அதனை 30 பாகைக்குக் கொண்டுவரவே அங்கு மின்சாரம் செலவாகிறது. யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு போன்ற எமது தாழ்நிலப் பகுதிகளிலோ கிணற்று நீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 27, 28 பாகையில் நிற்கிறது. அவர்கள் காசு கொடுத்துப் பெறும் முப்பதை நாம் வாளியிலேயே அள்ளுகிறோம்.

மலைநாட்டின் நிலை வேறு. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகைதான். லயன்களின் பீலியில் விழும் நீரும் அதற்கேற்ற குளிராகவே இருக்கும். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 25 பாகையில் உருகுவது. யாழ்ப்பாணத்தில் போத்தலுக்குள் தெளிவாக இருக்கும் எண்ணெய் நுவரெலியாவில் வெள்ளையாக உறைந்து நிற்கிறது. தலையணை உறையில் ஊறிய எண்ணெய்க்கும் இதே கதிதான். ஆகவே தாழ்நிலத்தவருக்கு அவசியமில்லாத வெதுவெதுப்பு, மலைநாட்டவருக்கு அவசியமாகலாம்.

சூடு செய்யும் வேலை

ஜேர்மனியைச் சேர்ந்த ஹேர்பேட் சின்னர் என்னும் இரசாயனவியலாளர் 1959ஆம் ஆண்டில் தோய்த்தலின் பின்னாலுள்ள நான்கு காரணிகளை ஒரு வட்டமாக வகுத்துக் காட்டினார். சவர்க்காரம், சூடு, கசக்கும் உழைப்பு, நேரம் என்பனவே அவை. இவற்றில் ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்ட வேண்டும். இது ஏழை வீட்டுக்கு நல்ல செய்தி. விறகைக் குறைக்க விரும்பினால் நேரத்தைக் கூட்டலாம். சவர்க்கார நீரிலே அரை மணி நேரம் ஊற வைத்த சாரம், சூடில்லாமலேயே நன்றாக வெளுக்கும்.

இன்று விற்கப்படும் சலவைத்தூள்கள் பலவற்றில் நொதியங்கள் சேர்க்கப்பட்டுள்ளன. இரத்தம், பால், எண்ணெய் போன்ற அழுக்குகளைச் சிறு துணிக்கைகளாக உடைப்பது இவற்றின் வேலை. ஒட்டோ றோம் என்னும் ஜேர்மானியர் 1913ஆம் ஆண்டிலேயே இந்த எண்ணத்துக்கு உரிமம் பெற்றார். நொதியம் வெதுவெதுப்பான நீரில் நன்றாக வேலை செய்யும், கொதிநீரில் அழிந்துவிடும். இத்தகைய தூளைக் கொதிக்கும் நீரிலே கரைப்பவர், காசு கொடுத்து வாங்கிய பொருளின் பயனைத் தாமே கெடுத்துவிடுகிறார்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறும் நீர் வன்மையானது. அதிலே சவர்க்காரம் எளிதில் நுரைக்காது. சாம்பல் நிறமான கசடு துணியில் படிந்துவிடும். அந்த வன்மையின் ஒரு பகுதி நீரைக் கொதிக்க வைக்கும்போது கேத்தலின் அடியிலே வெள்ளைப் படிவாக இறங்கிவிடும். ஆனால் இதற்காக நீர் முழுவதையும் கொதிக்க வைப்பது பெருஞ்செலவு. நீரிலே சிறிது சலவைச்சோடா சேர்ப்பதும், சவர்க்காரக் கட்டிக்குப் பதிலாகச் சலவைத்தூளைப் பயன்படுத்துவதும் இலகுவான வழிகள்.

சூடு கெடுக்கும் இடங்கள்

இரத்தம், முட்டை, பால் என்பவற்றிலுள்ள புரதம் சூடு பட்டதும் இறுகிவிடும். முட்டை அவிந்து கட்டியாவதும் இதனாலேதான். இரத்தம் பட்ட துணியைச் சுடுநீரில் போட்டால் கறை நூலோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் குளிர்ந்த நீரிலே ஊறவைத்து அலசி, கறை நீங்கிய பின்பே சூட்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மஞ்சள் கலந்த கறிக் கறை சவர்க்காரம் பட்டதும் சிவப்பாக மாறுவதைக் கண்டிருப்பீர்கள். சுடுநீர் அதனை நூலிலே மேலும் ஆழப் பதியவைக்கும். சாதாரண நீரிலே தோய்த்து நல்ல வெயிலிலே விரித்தால் மஞ்சள் தானே மங்கிப் போகும்.

கம்பளித் துணியைச் சுடுநீரிலிட்டுக் கசக்கினால் சுருங்கித் தடித்துவிடும். பட்டு தன் மினுக்கத்தை இழக்கும். பொலியெஸ்ரர் துணியில் மடிப்புகள் நிலைத்துவிடும். புதிய கைத்தறிச் சேலையும் பற்றிக் துணியும் சாயம் விடும். எம் ஊர்ச் சலவைத் தொழிலாளர் இந்த அறிவைத் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டிருந்தனர். வெள்ளைப் பருத்தித் துணியை உவர்மண்ணிலே தோய்த்து வெள்ளாவி வைத்தவர்கள், பட்டையும் சாயத்துணியையும் அதனுள் வைக்கவில்லை.

சூடு கட்டாயமான இடங்கள்

பெரும்பாலான உடுப்புகளுக்குக் கிணற்று நீரே போதும். ஆனால் சில துணிகளில் நாம் விறகைப் பார்த்துச் சூட்டைக் குறைக்கக் கூடாது.

1. சிரங்கு கண்ட வீட்டுத் துணிகள். சிரங்கு என்பது தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு சிற்றுண்ணியால் வருவது. பிள்ளைக்கு மருந்து பூசிவிட்டு, பழைய பாயிலும் பழைய போர்வையிலும் மீண்டும் படுக்கவிட்டால் நோய் திரும்பி வரலாம். வைத்தியர் தரும் மருந்தை வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளிலே பூச வேண்டும். அன்றே, முந்திய சில நாட்களில் பயன்படுத்திய உடுப்பு, துவாய், படுக்கை விரிப்பு என்பவற்றை 50 பாகைக்கு மேற்பட்ட நீரிலே பத்து நிமிடத்துக்குக் குறையாமல் அமிழ்த்தி வைக்க வேண்டும். விறகு இல்லாதவருக்கும் ஒரு வழி உண்டு. மனிதத் தோலை விட்டு நீங்கிய இவ்வுண்ணி பொதுவாக இரண்டு, மூன்று நாட்களுக்கு மேல் வாழாது. ஆகவே தோய்க்க முடியாத பொருட்களைப் பிளாஸ்ரிக் பையிலிட்டு வாயைக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்தாலும் போதும்.

2. வயிற்றோட்டம், வாந்தி கண்டவரின் துணிகள். இவற்றைக் கிணற்றடிக்கு எடுத்துச் செல்லவே கூடாது. மலத்தை மலசலகூடத்தில் அகற்றிய பின், கொதிக்கும் நீரிலே ஐந்து நிமிடம் அவித்து, அதன் பின் வழமை போலத் தோய்க்கலாம். தோய்த்தவர் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும்.

3. மாதவிடாய்த் துணிகள். முதலில் குளிர்ந்த நீரிலே அலசிச் சவர்க்காரமிட்டுத் தோய்க்க வேண்டும். அதன் பின் சுடுநீரிலே அமிழ்த்தி, நேரடி வெயிலிலே முற்றாகக் காயவிட வேண்டும். எமது வீடுகளில் வெட்கத்தின் காரணமாக இத்துணிகள் இருண்ட மூலையிலும், வேறு உடுப்புகளின் கீழும் ஈரமாகவே கிடக்கின்றன. ஈரத்திலே கிருமியும் பூஞ்சணமும் வளரும். மறைவு வேண்டுமாயின், வெயில் விழும் இடத்தைச் சுற்றிக் கிடுகால் ஒரு சிறு அடைப்புக் கட்டிக் கொடுக்கலாம். இது அரை நாள் வேலை. வீட்டு ஆண்கள் செய்ய வேண்டிய வேலையும் கூட.

4. குழந்தையின் நெப்பித் துணிகளும் குசினித் துணிகளும். மலம் பட்ட நெப்பிகளையும், மீன், இறைச்சி துடைத்த துணிகளையும் 60 பாகை நீரில் தோய்ப்பது நல்லது.

வெயிலையும் இங்கே மறந்துவிடக் கூடாது. சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்களும், துணி முற்றாக உலர்வதும் சேர்ந்து கிருமிகள் பலவற்றைக் கொல்கின்றன. மாரி காலத்தில் வெயில் கிடைக்காதபோது சூடான அழுத்தியால் மினுக்குவது அதற்கு ஓரளவு ஈடாகும்.

வெப்பமானி இல்லாமல் அளப்பது எப்படி?

கொதிநீர் 100 பாகை. தாழ்நிலக் கிணற்று நீர் 28 பாகை. இந்த இரண்டையும் அளந்து கலந்தால் வேண்டிய சூடு கிடைக்கும்.

ஒரு பங்கு கொதிநீருக்கு ஐந்து பங்கு கிணற்று நீர்: ஏறத்தாழ 40 பாகை.
ஒரு பங்குக்கு இரண்டு பங்கு: ஏறத்தாழ 50 பாகை.
ஒன்றுக்கு ஒன்று: 60 பாகையைச் சற்றுத் தாண்டும்.

மலைநாட்டில் நீர் 16 பாகையானால், 40 பாகைக்கு ஒரு பங்கு கொதிநீருடன் இரண்டரைப் பங்கு பீலி நீர் போதும். 50 பாகைக்கு ஒன்றுக்கு ஒன்றேகால் பங்கு கலக்க வேண்டும். வாளியும் துணியும் சிறிது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே சிரங்குத் துணிகளுக்கு எங்கும் ஒன்றுக்கு ஒன்றாகக் கலப்பதே நிச்சயமான வழி. கலந்ததும் வாளியை மூடி வைக்கவும்.

ஓர் எச்சரிக்கை. 60 பாகை நீர் சில விநாடிகளிலேயே தோலைச் சுட்டுவிடும். சிறுவர்களின் தோலை இன்னும் விரைவாக. வாளியில் முதலில் குளிர்நீரை ஊற்றி, அதன் மேல் கொதிநீரை ஊற்றுங்கள். கையை விடாமல் தடியால் கிளறுங்கள். பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள்.

விறகின் கணக்கு

இருபது லீற்றர் நீரை 28 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 2,700 கிலோயூல் வெப்பம் வேண்டும். மின்சாரத்தில் இது முக்கால் அலகு. மூன்று கல் அடுப்பிலோ விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு, கூடினால் ஏழில் ஒரு பங்குதான் பாத்திரத்தைச் சென்றடைகிறது. ஆகவே ஒரு வாளி நீருக்கு ஒன்றேகால் முதல் ஒன்றேமுக்கால் கிலோகிராம் வரை உலர்ந்த விறகு எரிந்து போகும். அந்த விறகைப் பொறுக்கிச் சுமப்பவர் யார், புகையிலே குனிந்து ஊதுபவர் யார் என்று நாம் எல்லோரும் அறிவோம். 2022ஆம் ஆண்டில் எரிவாயு கிடைக்காமல் நகரத்தவரும் விறகடுப்புக்குத் திரும்பிய நாட்களில் இந்தக் கணக்கின் பாரம் பலருக்கும் விளங்கியது.

சலவை இயந்திரம் உள்ள வீடுகளுக்கும் இது பொருந்தும். நீரைச் சூடாக்கும் வகை இயந்திரத்தில், மின்சாரத்தின் பெரும்பகுதி சூடாக்குவதற்கே செலவாகிறது. அன்றாட உடுப்புகளுக்குக் குளிர்நீர்ப் பொத்தானை அழுத்துவதால் எமது வெப்ப நாட்டிலே குறையேதும் வராது.

சுருக்கமாகச் சொன்னால், பத்துத் துணிகளில் எட்டு, ஒன்பதுக்கு நெருப்பு வேண்டாம். அவற்றில் மிச்சம் பிடிக்கும் விறகை, நோயாளியின் விரிப்புக்கும் சிரங்குப் பிள்ளையின் போர்வைக்கும் தயங்காமல் செலவிடுவோம்.

உங்கள் சங்கத்தில் கலந்துரையாட

1. எமது வீட்டில் சுடுநீர் கட்டாயம் தேவைப்படும் துணிகள் எவை? இதுவரை அவற்றை எப்படித் தோய்த்தோம்?
2. கிராமத்தில் சிரங்கு பரவினால், எல்லா வீடுகளும் ஒரே நாளிலே துணிகளை அவிப்பதற்குச் சங்கம் ஒரு பொதுக் கிடாரத்தையும் விறகையும் ஒழுங்கு செய்ய முடியுமா?
3. பெண்களின் துணிகளை வெயிலிலே காயவிட ஒவ்வொரு வீட்டிலும் வசதியான இடம் உண்டா? இல்லையெனில் அதை யார், எப்போது அமைத்துக் கொடுப்பது?