மேய்ச்சல் தரை வெறுங்காணி அல்ல

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, செங்கலடியிலிருந்து பதுளைக்குப் போகும் வீதியில் இருக்கிறது கரடியனாறு. நெல்லும் மாடும் சேர்ந்துதான், வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையின் இந்தப் பகுதி ஊர்களை வாழவைத்து வந்திருக்கின்றன. மாரி தொடங்கிப் பெரும்போக விதைப்பு ஆரம்பித்துவிட்டால் மாடுகளுக்கு வயற்பக்கம் இடமில்லை. பட்டிக்காரர்கள் அவற்றை மாவட்ட எல்லையோரக் காட்டுப் புல்வெளிகளுக்குச் சாய்த்துக்கொண்டு போய்விடுவார்கள். மயிலத்தமடுவும் மாதவனையும் அவ்வாறு பயன்பட்டு வந்த தரைகள். அறுவடை முடிந்ததும் பட்டிகள் திரும்பி வந்து வயலில் அரிதாளை மேயும். அவற்றின் சாணம் அடுத்த போகத்துக்கு எருவாகும். காட்டுப் புல்லுக்கும் தளிர்க்க அவகாசம் கிடைக்கும். நெல்லும் பாலும் எருவும் ஒன்றையொன்று தாங்கும் இந்த ஏற்பாட்டை எந்த வெளிநாட்டு நிபுணரும் வகுத்துக் கொடுக்கவில்லை. ஐக்கிய நாடுகள் சபை 2015இல் நிலைபேறான அபிவிருத்திக்கென 17 இலக்குகளை அறிவித்தபோது, அவற்றில் பலவற்றை இந்த ஊர்கள் பெயர் தெரியாமலே கடைப்பிடித்து வந்தன. பணமும் தொழில்நுட்பமும் இல்லாததால்தான் ஏழை நாடுகளில் இத்தகைய அபிவிருத்தி தடைப்படுகிறது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. கரடியனாற்றுப் பக்கத்தையும் ஆபிரிக்காவின் சில நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால் அதைவிடப் பெரிய தடை ஒன்று தெரிகிறது. பருவத்துக்குப் பருவம் பயன்படும் நிலத்தை, ஆளில்லாத நேரத்தில் பார்த்துவிட்டு, எவருக்கும் உரியதல்லாத வெறுங்காணி என்று எழுதிவிடும் வழக்கமே அது.

மகாவலித் திட்டம் 1977க்குப் பின் துரிதப்படுத்தப்பட்டது. மாதுறு ஓயா அணை 1983இல் முடிந்தது. அதன் வலது கரையில், மயிலத்தமடுவும் மாதவனையும் உட்பட, நீர்ப்பாசனம் பெறவிருந்த பெரும் பரப்பில் போர் காரணமாக வேலை நடக்கவில்லை. ஆனால் வரைபடத்தில் அது மகாவலி வலயமாகவே நின்றது. வாய்க்கால் வராத நிலத்தில் மாடுகள் மேய்ந்தன. 2007இல் இந்தப் பகுதியிலுள்ள குடும்பிமலை விடுதலைப் புலிகளிடமிருந்து இராணுவத்தின் கைக்கு வந்து, 2009இல் போரும் முடிந்த பிறகு பட்டிகள் மீண்டும் பெருகின. 2020 அளவில் வேறு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் மேய்ச்சல் தரையைத் துப்புரவாக்கிச் சோளம் பயிரிடத் தொடங்கினார்கள். மாடுகள் சுடப்படுகின்றன, சுருக்கு வைத்துக் கொல்லப்படுகின்றன என்று பண்ணையாளர்கள் பொலிஸிலும் பிரதேச செயலகத்திலும் முறையிட்டார்கள். 2023 செப்டெம்பர் 15ஆம் திகதி சித்தாண்டியில் தொடங்கிய அவர்களுடைய அறவழிப் போராட்டம் மாதக்கணக்கில் நீண்டது. தலைமுறைகளாக மேய்த்தவர்களின் கையில் அந்த நிலத்துக்கு உறுதிப்பத்திரம் எதுவும் இல்லை. மேய்ச்சல் நிலம் தனியொருவர் பெயரில் எழுதக்கூடியதும் அல்ல. ஊரே சேர்ந்து ஆண்டால்தான் அது மேய்ச்சல் நிலம்.

மேய்ச்சல் தரை பறிபோய்க்கொண்டிருந்த அந்த நாட்களிலேயே நாடு எருவுக்கு அலைந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். 2021 ஏப்ரலில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. நிலத்தையும் உடல்நலத்தையும் காக்க விவசாயம் முழுவதும் சேதன முறைக்கு மாற வேண்டும் என்பது அதன் விளக்கம். நோக்கம் தவறில்லை. ஆனால் விவசாயிகளைக் கேட்காமல், ஒரு போகம்கூட அவகாசம் கொடுக்காமல் வந்த கட்டளை அது. நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது சேதம் நடந்து முடிந்திருந்தது. 2022இல் நாட்டின் நெல் விளைச்சல் முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளையில் நோய்க்கிருமி இருப்பதாகச் சொல்லி இலங்கை அதை ஏற்க மறுத்தது. ஆனாலும் 2022 ஜனவரியில் 67 இலட்சம் டொலரைச் செலுத்த நேர்ந்தது. எரு தேடிக் கடல் கடந்து போன அதே அரசு, வயலுக்குத் தாமாக எரு கொண்டுவரும் மாடுகளின் மேய்ச்சல் தரை பறிபோவதைத் தடுக்கவில்லை. விவசாயத் திணைக்களம், கால்நடைத் திணைக்களம், மகாவலி அதிகாரசபை என்று நெல்லும் மாடும் தனித்தனிக் கோப்புகளில் கிடந்ததால் அவற்றுக்கிடையே உள்ள உறவு எந்தக் கோப்பிலும் எழுதப்படவில்லை.

மேய்ச்சல் தரையை வெறுங்காணி என்று எழுதும் வழக்கம் இலங்கையில் மட்டும் இல்லை. கென்யாவின் வடக்கே மார்சபிட் மாவட்டத்தில், துர்கானா ஏரிக்கு அருகே, 365 காற்றாலைகள் சுழல்கின்றன. 310 மெகாவாட் திறனுள்ள அந்தத் திட்டத்துக்கு 1,50,000 ஏக்கர் நிலம் குத்தகைக்கு விடப்பட்டது. தூய மின்சாரம், அந்நிய முதலீடு, வறண்ட பகுதிக்குப் புதிய வீதி என்று நல்லவை பல அதில் உண்டு. ஆனால் அது ரெண்டிலே, சம்புரு, துர்கானா மேய்ப்பர்களின் நிலம். மக்கள் நீதிமன்றம் போனார்கள். 2021 ஒக்டோபரில், அந்தக் காணிக்கான பத்திரங்கள் சட்டப்படி பெறப்படவில்லை என்று கென்ய நீதிமன்றம் தீர்ப்பளித்து, முறைப்படி திருத்திக்கொள்ள ஓராண்டு அவகாசம் கொடுத்தது. காற்றாலைகள் ஓடத் தொடங்கிய பிறகும் அவை நிற்கும் நிலம் வழக்கில் இருந்தது. தொடக்கத்திலேயே மேய்ப்பர்களைப் பங்காளிகளாகச் சேர்த்திருந்தால் முதலீட்டாளருக்கும் அது பாதுகாப்பாக இருந்திருக்கும்.

நைஜர் நாட்டில் இதற்கு மறுபக்கம் தெரிகிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலச் சட்டம் விவசாயியின் நிலத்தில் நின்ற மரத்தையும் அரசின் சொத்தாக்கியது. தனக்குச் சொந்தமில்லாத மரத்தைக் காக்க எவருக்கும் மனம் வராது. நிலம் பாலையாகிக்கொண்டு போனது. 1980களில் மராடி பகுதியில், வெட்டிய அடிக்கட்டைகளிலிருந்து தானாக முளைக்கும் தளிர்களைக் காத்து வளர்க்கும் எளிய முறையை டோனி ரினோடோ என்ற வேளாண் அறிஞர் விவசாயிகளோடு சேர்ந்து பரப்பினார். மரம் தமதே என்ற நம்பிக்கை விவசாயிகளுக்கு வந்ததும் அது ஊர் ஊராகப் பரவியது. இன்று அங்கே சுமார் 50 இலட்சம் ஹெக்டயர் நிலத்தில் மரங்கள் திரும்பி வந்திருக்கின்றன. நாற்றுப் பண்ணையோ பெருங்கடனோ அதற்குத் தேவைப்படவில்லை. மேய்ப்பர் சமூகங்களுக்குத் தம் வழக்கமான மேய்ச்சல் பகுதியில் முன்னுரிமை உண்டு என்று நைஜர் 2010இல் சட்டமும் இயற்றியது. கென்யாவில் 2016இல் சமுதாய நிலச் சட்டம் வந்தது. சட்டம் வந்தவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. மாலியிலும் நைஜீரியாவிலும் மேய்ப்பருக்கும் விவசாயிக்கும் இடையே இன்றும் இரத்தம் சிந்துகிறது. மாடுகள் போய்வந்த பாதைகள் வயல்களாக அடைபட்ட இடங்களில் அந்த மோதல் கடுமையாக இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நாட்டு மாடு நாளொன்றுக்கு ஒன்றிரண்டு லீற்றர்தான் கறக்கும், அதற்கு ஏன் இவ்வளவு நிலம், உயர்பால் மாடுகளைக் கொட்டிலில் கட்டி வளர்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, இலங்கை தன் பால் தேவையில் பாதியைக்கூட உற்பத்தி செய்வதில்லை. அந்த வழியையும் நாடு பார்த்துவிட்டது. அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் ஆயிரக்கணக்கான கறவை மாடுகள் அரசின் திட்டத்தில் வந்தன. தீவனச் செலவும் நோயும் சேர்ந்து, அவற்றை வாங்கிய பண்ணையாளர் பலரைக் கடனில் தள்ளின. மயிலத்தமடு மாட்டுக்குத் தீவனச் செலவில்லை. டொலர் இல்லாமல் பால்மாவுக்குத் தட்டுப்பாடு வந்த 2022 போன்ற ஆண்டிலும் அது இறக்குமதித் தீவனத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. இன மேம்பாடு வேண்டும், குளிரூட்டும் நிலையம் வேண்டும், மட்டக்களப்புச் சட்டித் தயிருக்கு நல்ல சந்தை வேண்டும். இவையெல்லாம் தரை இருந்தால் நடக்கக்கூடியவை.

சோளம் போட வந்தவர்களும் ஏழைகள்தானே என்பது இன்னொரு வாதம். உண்மைதான். ஆனால் ஒரு ஏழையின் பிழைப்பை எடுத்து இன்னொரு ஏழைக்குக் கொடுப்பது காணிக் கொள்கையாகாது. அவர்களுக்கான காணியை அவர்களுடைய மாவட்டத்திலேயே தேடிக் கொடுப்பது அரசின் பொறுப்பு. மேய்ச்சல் தரை சோளச் சேனையானால் யானைகள் ஊர்ப்பக்கம் இறங்குவதும் கூடும், அதன் சுமையும் இந்த ஊர்களின் தலையில்தான் விழும்.

இந்தப் பகுதி மக்கள் எதையும் எதிர்ப்பவர்கள் என்று சொல்வோர், 2018இல் பெரிய புல்லுமலையில் தண்ணீர்ப் போத்தல் தொழிற்சாலைக்கு எதிராக மாவட்டம் தழுவி நடந்த ஹர்த்தாலைச் சுட்டிக்காட்டுகிறார்கள். கோடையில் பௌசர் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊர்களின் நிலத்தடி நீரை விற்பனைக்கு எடுக்கப் போகிறார்கள் என்றால் எந்த ஊர்தான் கேள்வி கேட்காது? போருக்குப் பின் பதுளை வீதி திருத்தப்பட்டதை இவர்கள் எதிர்க்கவில்லை. அந்த வீதி வேலைக்கென வந்த வெடிமருந்து கரடியனாறு பொலிஸ் நிலையத்தில் வைக்கப்பட்டிருந்தது. 2010 செப்டெம்பர் 17ஆம் திகதி அது வெடித்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அபிவிருத்தியின் ஆபத்தைச் சுமப்பவர்கள் அதைப் பற்றிய முடிவிலும் பங்கு கேட்பது அவர்களுடைய உரிமை.

2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருக்கிறது. விழா எடுப்பதை விட இலங்கை செய்யக்கூடிய பயனுள்ள காரியம் ஒன்று இருக்கிறது. மயிலத்தமடு, மாதவனைத் தரைகளை அளந்து எல்லையிட்டு, மாடுகள் போய்வரும் பாதைகளையும் சேர்த்து, பண்ணையாளர் சங்கங்களின் கூட்டுப் பொறுப்பில் சட்டப்படி ஒப்படைக்க வேண்டும். மாவட்டச் செயலகமும் மகாவலி அதிகாரசபையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் முடியும் வேலை இது. பட்டிகள் மேற்கே கிளம்பும் அடுத்த பெரும்போகத்துக்கு முன் அதை முடித்துக் கொடுங்கள்.