நாலு முளை

நிலம் கேட்ட நாட்கள் – 7

"அந்தப் பற்றைக்குள்ளை மட்டும் அடிச்சுப்போடாதேங்கோ தம்பியவை. இஞ்சாலை, வண்டிப் பாதையோடை போங்கோ."

மாணவர்களாய் நாங்கள் கிணற்றுக்கு இடம் பார்க்கப் போயிருந்தோம். வவுனியா மாவட்டத்து நெடுங்கேணிப் பக்கத்துக் காணிக்காரர் ஐயா இதைச் சொன்னபோது என் கையில் இரும்பு முளையும் சம்மட்டியும் இருந்தன. நடுப்புள்ளியிலிருந்து இரு பக்கமும் நூறு மீற்றர் நேர்கோடு என்றுதான் பாடக்குறிப்பில் இருந்தது. அந்தக் கோடு பற்றைக்குள்ளால் போனது. மிதிவெடி அகற்றியதற்கான அடையாளம் எதுவும் அங்கே இல்லை. கோட்டை அப்படியே திருப்பி, ஐயா பல வருடம் நடந்து பழகிய பாதையில் போட்டோம். வன்னியில் கள அளவை படித்தவனுக்கு முதற்பாடம் இதுதான். நிலத்தில் எதையும் அடிப்பதற்கு முன், அங்கே வாழ்பவரைக் கேட்க வேண்டும்.

சென்ற வாரம் காந்தமானியோடு நடந்ததை எழுதினேன். அதற்குத் தரையைத் தொட வேண்டியதில்லை. மின்தடை அளவைக்கு நாலு முளை அடித்தேயாக வேண்டும். வெளியே உள்ள இரண்டும் மின்னோட்டத்தை மண்ணுக்குள் செலுத்தும். உள்ளே உள்ள இரண்டும் அதனால் எழும் அழுத்த வித்தியாசத்தைப் படிக்கும். வெளி முளைகளைத் தள்ளத் தள்ள மின்னோட்டம் ஆழமாக இறங்கும். 1912இல் பிரான்ஸில் கொன்ராட் ஷ்லம்பர்ஜர் தொடக்கி வைத்த வழி இது. பற்றறி, வயர், அம்பியர்மானி, மில்லிவோல்ற்றுமானி, அளவுநாடா இருந்தால் கிராமத்தில் வைத்தே செய்து பார்க்கலாம்.

ஆவணி மாதம். மண் ஓடாய் இறுகிக் கிடந்தது. காய்ந்த மண்ணில் முளைக்கும் நிலத்துக்கும் தொடர்பு சரியாக ஏற்படாது. அதனால் முளையடியில் உப்புத் தண்ணீர் ஊற்றுவோம். ஐயாவின் மனைவி கிணற்றில் மிஞ்சிக் கிடந்த கலங்கல் தண்ணீரை இரண்டு வாளி அள்ளித் தந்தார். அன்றைக்கு அந்த வீட்டுக்கு இருந்ததே அவ்வளவுதான். அதில் உப்பைக் கரைத்து மண்ணில் ஊற்றும்போது என் கை கூசியது. அதற்குப் பிறகு எந்தக் கள வேலைக்கும் தண்ணீர்க் கலன் இல்லாமல் நான் போனதில்லை.

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பழைய பளிங்குருப் பாறை. வவுனியா அதன்மேல்தான் இருக்கிறது. அங்கே தண்ணீர் என்றால் உக்கிய பாறையிலும் அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான். கிளிநொச்சிக்கு வடக்கே, பரந்தன் பக்கம் போனால் சுண்ணக்கல். கடலோரத்தில் உவரும் கலந்துவிடும். ஆகவே தடைத்திறன், அதாவது நிலம் மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு, குறைவு என்று மானி காட்டினால் வவுனியாவில் நல்ல தண்ணீராக இருக்கலாம், பரந்தனில் உவராக இருக்கலாம், இரண்டிடத்திலும் வெறும் களியாகவும் இருக்கலாம். இடத்தின் புவிச்சரிதவியல் தெரியாதவனுக்கு அந்த எண் எதையும் சொல்லாது.

மாலையில் இரட்டை மடக்கைத் தாளில், வெளி முளைகளின் தூரத்துக்கு எதிராகத் தடைத்திறனைக் குறித்தோம். முதலில் இறங்கிய கோடு திடீரென்று செங்குத்தாய் எழுந்தது. "கருங்கல் மேலேயே கிடக்கு, இங்கே கிணறு வேண்டாம்" என்று முடிவெடுத்துவிட்டோம். எங்களோடு வந்திருந்த விரிவுரையாளர் ஒன்றும் பேசாமல் பாகைமானியைக் கோட்டின்மேல் வைத்தார். எவ்வளவு கடினமான பாறை கீழே இருந்தாலும் அந்தத் தாளில் கோடு 45 பாகைக்கு மேல் ஏற முடியாது. ஏறினால் பிழை எங்களுடையது. உள் முளைகளின் இடைவெளியை 2 மீற்றரிலிருந்து 10 ஆக்கிய பிறகும் பழைய இடைவெளிக்கான குணகத்தாலேயே பெருக்கியிருந்தோம். பெறுமதி ஐந்து மடங்காகிவிட்டது. இடைவெளியை மாற்றும் இடத்தில் பழைய இடைவெளியிலும் புதியதிலும் வாசித்து ஒப்பிட வேண்டும். வெயிலுக்குப் பயந்து அதை விட்டிருந்தோம். அந்தச் சோம்பல் ஒரு குடும்பத்தின் கிணற்றை இல்லாமலாக்கியிருக்கும்.

அந்தக் காலத்தில் முகமாலையால் போகும்போதெல்லாம் பஸ் யன்னலால் பார்ப்பேன். போரில் பல வருடம் முன்னரங்காகக் கிடந்த மண்ணில் பெண்கள் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக மிதிவெடி தேடிக்கொண்டிருப்பார்கள். 1831இல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டலால்தான் அவர்கள் கையில் இருந்த உலோகம் காட்டும் கருவியும் இயங்கியது. புவிபௌதிகப் பாடத்தில் எங்களுக்கு அது ஒரு அத்தியாயம். அவர்களில் பலர் தனியாகக் குடும்பத்தைத் தாங்குகிறவர்கள். என் கணிப்பில் வடக்கின் தலைசிறந்த கள அளவையாளர்கள் அவர்கள்தான். அவர்கள் ஒரு ஒலியையும் தவறவிடுவதில்லை. ஒரு வாசிப்பை வெயிலுக்காக விட்டதை நினைத்து நான் வெட்கப்பட்டிருக்கிறேன்.

அடுத்தநாள் காலை நெடுங்கேணிக்குத் திரும்பப் போய் முளை அடித்தோம். திருத்திய கோடு நன்றாக இறங்கி, பிறகு சாய்வாக எழுந்தது. உக்கிய பாறை அறுபதடி வரை இருக்கக்கூடும் என்றது கணக்கு.

"எத்தினை அடியிலை தண்ணி வரும்?" என்று ஐயா கேட்டார். விரிவுரையாளர் என்னைப் பார்த்தார்.

"அறுபதடிக்குள்ளை இருக்கலாம் ஐயா. களியாயும் இருக்கலாம். உறுதியாச் சொல்லேலாது."

ஐயா கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, நடுப்புள்ளியில் ஒரு கல்லை உருட்டி வைத்தார்.

(தொடரும்)