கொதிக்க வைத்தால் போதுமா?

தண்ணீரைப் பற்றி வானொலியில் பேசினால் எங்கள் ஆட்கள் கேட்கும் முதற் கேள்வி இதுதான்: "நாங்கள் கொதிக்க வைத்துத்தானே குடிக்கிறோம், பிறகென்ன பயம்?"

சுன்னாகம் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி 2015இல் பெரிதாக அடிபட்டபோது, ஊரிலுள்ள பெரியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவரும் "நான் கொதிக்க வைச்சு வடிச்சுத்தான் குடிக்கிறன் பிள்ளை" என்றார். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மழைநீர்தான் கிணற்றில் ஊறுகிறது. அந்தக் கல் முழுக்க வெடிப்பு. ஓரிடத்தில் நிலத்தில் விட்ட கழிவு அயற்கிணறுகளுக்கும் போய்விடும். அங்கே அனல் மின்நிலையம் நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டுமென 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் ஈயமும் ஆசனிக்கும் சாகிற பொருள்கள் அல்ல. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிஞ்சியதில் அவற்றின் செறிவு கூடும். நிறமோ மணமோ காட்டிக்கொடுக்காது. ஈயம் எலும்பில் பல ஆண்டுகள் தங்கும். தாயிடமிருந்து கருவுக்கும் போகும். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆசனிக்கை நெடுங்காலம் குடித்தால் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்கள் வரலாம். வங்காளதேசத்துக் குழாய்க் கிணறுகள் இதற்குச் சாட்சி.

நியூசிலாந்தில் இரண்டுக்கும் எல்லை ஒரு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். ஒக்லாந்துக்குத் தண்ணீர் தரும் வைக்காட்டோ ஆற்றில், தௌப்போப் பக்கத்து வெந்நீர் ஊற்றுகளால் இயற்கையாகவே ஆசனிக் உண்டு. சுத்திகரிப்பு நிலையத்தில் அதை நீக்கித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் வீட்டுக்குள் வந்தபின் பித்தளைக் குழாய்களிலும் பொருத்துகளிலும் இரவு முழுக்க நிற்கும் தண்ணீர் ஈயத்தைக் கரைத்தெடுக்கலாம். 2021 பெப்ரவரியில் ஒட்டாகோவின் வைக்கோவைட்டி, கரிட்டானே ஊர்களில் குழாய்நீரில் ஈயம் கண்டு, குடிக்க வேண்டாமென அறிவித்தார்கள். மக்களுக்கு இரத்தப் பரிசோதனையும் நடந்தது.

நானும் ஒரு பிழை விட்டேன். மகன் கைக்குழந்தையாக இருந்தபோது, நேரம் மிச்சமென்று சுடுதண்ணீர்க் குழாயில் பிடித்தே பால்மா கரைத்தேன். வீட்டுக்கு வந்த தாதிதான் தடுத்தார். சுடுநீர் உலோகத்தைக் கூடுதலாகக் கரைக்குமாம்.

ஆகவே:

காலையில் முதல் ஒரு கோப்பைத் தண்ணீரைக் குடிக்காமல் விடுங்கள். பூங்கன்றுக்கு ஊற்றலாம்.

குடிக்க, சமைக்க, பால்மா கரைக்கக் குளிர்நீர்க் குழாயில் பிடித்துச் சூடாக்குங்கள்.

நகருக்கு வெளியே கூரைநீர்த் தாங்கியோ சொந்தக் கிணறோ உள்ள வீட்டுக்கு வாடகைக்குப் போனால், தண்ணீரை ஆய்வுகூடத்தில் சோதித்தார்களா என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள். பழைய கூரையின் ஈயத் தகடும் பழைய வண்ணப்பூச்சும் தாங்கிக்குள் வரும்.

சந்தேகமிருந்தால் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். ஈயத்தை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம்.

ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது அங்குள்ளவர்களுக்கும் சொல்லுங்கள். கொதிக்க வைப்பது நல்ல பழக்கம், விட வேண்டாம். கிணற்று நீரை ஒருமுறை சோதித்தும் பார்க்கட்டும்.